கேட்டுவிட்டுத் தொடவும்

பிப்ரவரி 4

அன்புள்ள மச்சானுக்கு,

எழுத்தைப் பார்த்ததும் ஏதோ ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதியிருக்கிறது என்று நினைத்திருப்பாய். நான்தான், உன் அத்தான். எனக்குக் கைப்பயிற்சி கொடுக்க ஒரு அம்மா இருக்கிறார். விரலம்மா என்று பெயர் வைத்திருக்கிறேன், நேரில் கூப்பிடும் தைரியம் இல்லை. வலது கையில் நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் இன்னும் பாதிதான் மடங்குகின்றன. தினமும் அரைப் பக்கமாவது பேனா பிடித்து எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறார்.

"என்னத்தை எழுதறது?" என்று கேட்டேன்.

"யாருக்காவது லெட்டர் எழுதுங்க. எழுத வேண்டியவங்க யாராவது இருப்பாங்கல்ல?" என்றார். பொதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் கொஞ்சம் சுருக்கென்றது.

போனை நீ எடுப்பதில்லை. அதனால் உன் முகவரியை அத்தையிடம் வாங்கி உனக்கே எழுதுகிறேன். பெற்ற தாய்க்காவது முகவரி கொடுத்தாயே, அதுவரைக்கும் சந்தோஷம்.

வீட்டில் நான் இப்போது மகாராஜா. தண்ணீர் டம்ளரை நோக்கிக் கையை நீட்டினால் உன் அக்கா எடுத்து நீட்டுகிறாள். கதவுப் பக்கம் நடந்தால் அத்தை ஓடிவந்து திறக்கிறார். ஏழு மாதமாக ஒரு பாட்டில் மூடியைக்கூட நான் திருகவில்லை. விரலம்மா உன் அக்காவைக் கூப்பிட்டு, "அவரா கேட்கற வரைக்கும் எதுவும் செய்யாதீங்க" என்று திட்டினார். வெளியே வந்ததும் என் காலரைச் சரிசெய்துகொண்டே, "அந்தம்மாவுக்கு என்ன தெரியும்?" என்றாள்.

நம் கண்ணாடிக் கடையை ஒட்டடை பார்த்துக்கொள்கிறான். நீ போன பிறகு வந்த ஆள். ஒட்டடைக் குச்சி உயரம் என்று கண்ணாடி வெட்டும் மேஜைக்காரர்கள் வைத்த பெயர் அது. நாற்பது வயது, மூன்று பிள்ளைக்குத் தகப்பன், ஆனாலும் கண்ணாடியைக் கையில் எடுத்தால் புது மாப்பிள்ளை மாதிரி வியர்க்கிறது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் கை இப்படி ஆனதற்கு உன்மேல் எனக்குத் துளியும் கோபம் கிடையாது. பதற்றத்தில் யாருக்கும் வாய் வராமல் போகலாம். நான் அன்றைக்கே மன்னித்துவிட்டேன். நீயும் மனதில் வைத்துக்கொள்ளாதே.

கை வலிக்கிறது. பதில் போடு.

அத்தான்


பிப்ரவரி 13

அத்தானுக்கு வணக்கம்.

கடிதம் கிடைத்தது. மூன்று முறை படித்தேன். முதல் முறை எழுத்து புரியவில்லை என்பதால்.

எனக்கு இங்கே ஒரு வேலை கிடைத்திருக்கிறது. நாலு மாடி அரசு அலுவலகம். நுழைந்ததும் வலது பக்கம் ஒரு மேஜை, அதற்குப் பின்னால் நான். என் தலைக்கு மேல் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் 'மே ஐ ஹெல்ப் யூ' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். நான் உங்களுக்கு உதவலாமா என்று அர்த்தம். எந்தக் காகிதத்துக்கு எந்த மாடி, எந்த ஜன்னல் என்று சொல்வதுதான் வேலை. முதல் நாளே சூப்பரிண்டெண்டு கூப்பிட்டுச் சொன்னார்: "மாடியைச் சொல்லு, அதோட நிறுத்திக்க. போர்டுல போட்டிருக்கேன்னு உதவி கிதவி பண்ணப் போயிடாதே."

என்னை மன்னித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அதைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும்.

அன்றைக்கு நாம் கண்ணாடி கொண்டுபோன சலூன் மாடிப்படியின் திருப்பம். ஆறடிக்கு நாலடி கண்ணாடி. நீங்கள் முன்னால், மேலே. நான் பின்னால், கீழே. நம் கடையில் தூக்குகிறவர்களுக்கு நாலு பேச்சுதான். தூக்கும் முன் "கை குடு". பிடி சரியாக விழுந்ததும் "குடுத்தாச்சு". பிடி நழுவினால் "விடறேன்", அதற்குப் பதில் "விடு". ஒருவர் கேட்காமல் அவர் தூக்கும் கண்ணாடியை இன்னொருவர் தொடக் கூடாது, எடை மாறிவிடும். ஒருவர் "விடறேன்" என்றால் மற்றவரும் விட்டுவிட்டு விலகிவிட வேண்டும். விழுகிற கண்ணாடியைப் பிடிக்கவே கூடாது. இந்த ஒழுங்கையெல்லாம் வைத்தது நீங்கள்.

என் கையுறை வழுக்கியது. நான் "விடறேன்" என்று சொன்னேன். சொன்னதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி உங்கள் விரல்களை அறுத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அக்காவும் அம்மாவும் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும்போது, "அவன் குரல் குடுக்கலை" என்றீர்கள். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "சொன்னேன்க்கா" என்றேன். "பொய் வேற சொல்றியா?" என்றாள். அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அதற்குப் பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. வாய்க்குள்ளேயே சொன்னேனா, சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டேனா, தெரியவில்லை. தினமும் மனசுக்குள் அந்தப் படியில் ஒரு தரம் ஏறிப் பார்க்கிறேன். ஒருநாள் குரல் கேட்கிறது, மறுநாள் கேட்கவில்லை.

உங்களுக்குக் கேட்டதா, கேட்கவில்லையா? அதை மட்டும் எழுதுங்கள். கேட்கவில்லை என்றால் நான் ஒப்புக்கொள்கிறேன், அக்கா காலில் விழுந்து மன்னிப்பும் கேட்கிறேன். நிச்சயமாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.


பிப்ரவரி 22

அன்புள்ள மச்சானுக்கு,

உன் போர்டு விஷயத்தை அத்தையிடம் சொன்னேன். "உதவட்டுமான்னு கேக்கறவன் எங்கே உதவப் போறான்? உதவணும்னா பேசாம செஞ்சிட்டுப் போகணும்" என்றார். உன் அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நம் வீட்டில் யார் யாரைக் கேட்டார்கள்? வெளியே போய்விட்டு வந்தால் வாசலிலேயே பையைப் பிடுங்கிக்கொள்கிறோம். கேட்டால் "வேண்டாம், பரவாயில்லை" என்று சொல்லிவிடுவார்களே என்ற பயத்தில்தான் கேட்காமல் பிடுங்குவது. அதற்குப் பெயர்தான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நாம் கேட்டதெல்லாம் கடையில் மட்டும்தான். உன் போர்டில் இருக்கிற வாக்கியத்தை முதலில் சொன்னவன் எவனோ, அவனும் கண்ணாடி தூக்கிப் பிழைத்தவனாகத்தான் இருக்க வேண்டும்.

விரலம்மா இப்போது களிமண் உருண்டை கொடுத்திருக்கிறார். பிசைய வேண்டும். நேற்று பிசைந்துகொண்டிருந்தபோது உன் அக்கா வந்து, "குடுங்க, நான் பிசைஞ்சு தரேன்" என்றாள். சத்தியமாகச் சொன்னாள். நான் சிரித்ததற்குக் கோபித்துக்கொண்டாள்.

நீ கேட்டிருந்தது. எட்டு மாதம் ஓடிவிட்டது. அந்த நேரத்துக் களேபரத்தில் யாருக்கு என்ன கேட்டது என்று இப்போது உட்கார்ந்து எப்படிச் சொல்ல முடியும்? கீழே தெருவில் லாரி வேறு உறுமிக்கொண்டிருந்தது. நடந்தது நடந்துவிட்டது, கிளறினால் எல்லாருக்கும் மனக்கஷ்டம்தான். உன் அக்காவைச் சரிக்கட்டுவது என் பொறுப்பு. நீ பேசாமல் கடைக்கு வந்து சேர். ஒட்டடை தூக்கும்போது நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். உன் கை இருந்தால் எனக்கு நிம்மதி.

அத்தான்


மார்ச் 2

அத்தானுக்கு,

அந்தத் தெருவில் லாரி நுழையாது. நம் வண்டியே நுழையவில்லை. சந்து முனையில் நிறுத்திவிட்டு, கண்ணாடியைக் கையில் தூக்கிக்கொண்டுதான் நடந்தோம். இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினோம். நீங்கள் மறந்திருக்க முடியாது.

இங்கே நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு அம்மா படிவத்தை வைத்துக்கொண்டு இரண்டாவது வரியிலேயே நின்றுவிட்டார். எழுதத் தெரியாது போலிருக்கிறது என்று நானே பேனாவை வாங்கி மளமளவென்று நிரப்பிக் கொடுத்தேன். பெருமையாகத்தான் இருந்தது. அவர் வாங்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "எழுதத் தெரியும் தம்பி. வீட்டுக்காரர் பேருக்கு முன்னால 'காலஞ்சென்ற'ன்னு போடணுமேன்னு பார்த்துட்டிருந்தேன்." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. புதுப் படிவம் கொடுத்தேன். அவரே எழுதினார். முக்கால் மணி நேரம் ஆனது. நான் மையொற்றும் தாளை மட்டும் நகர்த்தி வைத்தேன்.

அன்றிலிருந்துதான் தலைக்கு மேல் இருக்கிற பலகையை நான் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தேன். ஊரெல்லாம் அதை மாட்டி வைத்திருக்கிறார்கள், வங்கியில், ஆஸ்பத்திரியில், துணிக்கடையில். யாரும் அதைக் கேள்வியாகப் படிப்பதில்லை, மேஜையின் பெயர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது கேள்வி. வேண்டாம் என்று சொல்லவும் எதிரில் நிற்பவருக்கு இடம் விட்டிருக்கிற கேள்வி. இப்போது நான் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். முதலில் "ஒண்ணுமில்லை" என்பார்கள். தூண் வரைக்கும் போய்த் திரும்பி வந்து, வந்த காரியத்தைச் சொல்வார்கள்.

இரண்டாவது விஷயம். மேல் மாடியில் ஒரு இரும்பு பெஞ்சை நகர்த்த வேண்டியிருந்தது. "ஒரு கை பிடிப்பா" என்றார்கள். பிடித்தேன். உடனே "விடறேன், விடறேன், விடறேன்" என்று கத்தினேன். பெஞ்சு தரையிலிருந்து ஒரு ஜாண்கூட எழும்பவில்லை. அங்கே நின்ற எல்லாரும் சிரித்தார்கள். அதிலிருந்து அலுவலகத்தில் எனக்குப் பெயரே 'விடறேன்'தான். என்னை யாரும் எதையும் தூக்கச் சொல்வதில்லை.

கடைக்குக் கூப்பிட்டதற்கு நன்றி. நான் உங்களிடம் கேட்டது வேலை கிடையாது.


மார்ச் 10

மச்சானுக்கு,

இன்று கடையில் ஒரு கண்ணாடித் தாள் உடைந்தது.

அலமாரிக் கதவுக்கு வெட்டிய சாதாரணக் கண்ணாடி. ஒட்டடை ஒரு பக்கம், நம் வண்டி டிரைவர் ஒரு பக்கம். வாசல் தாண்டும்போது ஒட்டடைக்குப் பிடி நழுவியது. "விடறேன்" என்றான். டிரைவர் "விடு" என்றார். இரண்டு பேரும் கையை எடுத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கினார்கள். கண்ணாடி கீழே விழுந்து தூள் தூளாகிப் போனது. அவ்வளவுதான். ஒரு கீறல்கூட யாருக்கும் இல்லை. ஒட்டடை என்னைப் பார்த்து, "ஸாரிண்ணே" என்றான். விளக்குமாறை எடுத்துக் கூட்டினான். டிரைவர் வேறு தாள் வெட்டச் சொன்னார். பத்து நிமிஷத்தில் அது வண்டி ஏறிவிட்டது.

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒட்டடை பயந்துபோய், "அண்ணே, கோபமா?" என்று கேட்டான். கோபம் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

உனக்கு ஒன்று எழுத வேண்டும். இன்றைக்கு விரல் ஒத்துழைக்க மறுக்கிறது. விரல் மேல் பழி போடுவது சுலபம்.

அத்தான்


மார்ச் 12

மச்சான்,

கேட்டது.

நன்றாகக் கேட்டது. லாரியும் இல்லை, ஒன்றும் இல்லை. நீ இரண்டு தரம் சொன்னாய். முதலில் "விடறேன்" என்றாய். நான் பதில் சொல்லாததால் இன்னும் சத்தமாக, "அத்தான், விடறேன்" என்றாய். நான் "விடு" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஏன் என்று உனக்குத் தெரிய வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் என் கையிலிருந்து ஒரு கண்ணாடி கீழே விழுந்தது கிடையாது. கடைக்கு வருகிறவர்கள் அத்தனை பேரிடமும் அளந்திருக்கிறேன், நீயே ஆயிரம் தரம் கேட்டுக் காது புளித்திருப்பாய். அந்த ஒரு நொடியில் எனக்கு அதுதான் தோன்றியது. விழக் கூடாது என்று குனிந்து விளிம்பைப் பிடித்தேன். உன்னைக் காப்பாற்றக் கையை நீட்டினேன் என்று உன் அக்கா நினைத்துக்கொண்டிருக்கிறாள். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்கிறாள். நான் மறுக்கவில்லை. நீ அதற்குள் சுவரோடு சுவராக ஒதுங்கி நின்றுவிட்டாய், ஒழுங்காக. கண்ணாடி விழுந்திருந்தால் படிதான் அழுக்காகியிருக்கும். நான் காப்பாற்றப் போனது என் ஜம்பத்தை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் அக்காவிடம் கேட்டார், "விழற கண்ணாடியை யாராவது போய்ப் பிடிப்பாங்களா? தொழில் தெரிஞ்சவர்ங்கறீங்க?" என்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. "அவன் குரல் குடுக்கலை" என்று வாயில் வந்துவிட்டது. மருந்து மயக்கத்தில் உளறினேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மயக்கம் மறுநாளே தெளிந்துவிட்டது. அதற்குப் பிறகு எட்டு மாதம் தெளிவோடுதான் இருந்தேன்.

நீ ஊரை விட்டுப் போனபோது, பையன் குற்ற உணர்ச்சியில் போகிறான் என்று அத்தையிடம் சொன்னேன். அது போதாதென்று பெரிய மனசு பண்ணி உன்னை மன்னித்துக் கடிதமும் போட்டேன். அதை எழுதின கையை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

உன் போர்டு கேட்கிற மாதிரி கேட்கிறேன். நான் உனக்கு என்ன செய்யட்டும்?

அத்தான்


மார்ச் 20

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை மேஜையில் வைத்துத்தான் பிரித்தேன். வரிசையில் ஒன்பது பேர் நின்றார்கள். "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டுக் குழாயடிக்குப் போனேன். அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது. நான் சொல்லியிருக்கிறேன், எனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை, நான் பொய்யன் இல்லை. அன்று பூராவும் அந்தச் சந்தோஷம்தான்.

கோபம் மறுநாள் காலையில், பல் துலக்கும்போது வந்தது. இன்னும் போகவில்லை. அது எத்தனை நாள் இருக்குமோ, எனக்கே தெரியாது. நீங்கள் கையை நீட்டியதில் எனக்குக் கோபம் இல்லை, யாருக்கும் ஒரு நொடி புத்தி தடுமாறும். மறுநாள் காலையில் தெளிந்த பிறகு நீங்கள் வாயைத் திறக்காமல் படுத்திருந்தீர்களே, அதை என்னால் செரிக்க முடியவில்லை. அன்றைக்குச் சொல்லியிருந்தால் எனக்கு அக்கா இருந்திருப்பாள்.

உங்கள் கடிதத்தை நான் அக்காவுக்கு அனுப்பிவிடலாம். அனுப்ப மாட்டேன். நான் சொன்னால் என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னது போல் ஆகும். ஏற்கெனவே ஒரு தரம் அவளிடம் சொல்லிப் பார்த்தவன் நான்.

என்ன செய்யட்டும் என்று கேட்டீர்கள். கேட்டுவிட்டால், எதிராளி சொல்வதைத்தான் செய்ய வேண்டும், அத்தான். தனக்குச் சுலபமானதைச் செய்துவிட்டு உதவினேன் என்று போய்விடக் கூடாது. இந்த மேஜையில் உட்கார்ந்து நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான். எனக்குக் கடையில் இடம் வேண்டாம், சரிக்கட்டவும் வேண்டாம். அக்காவையும் அம்மாவையும் ஒரே அறையில் உட்கார வைத்து, எந்த வாயால் அப்படிச் சொன்னீர்களோ அதே வாயால் உண்மையைச் சொல்லுங்கள். என்னைக் காப்பாற்றத்தான் கையை நீட்டினீர்கள் என்று அக்கா நம்புவதையும் சேர்த்து. அது போனால் அவளுக்கு வலிக்கும், தெரியும். இருந்தாலும் சொல்லுங்கள்.

முடியாது என்றால், முடியாது என்று எழுதிவிடுங்கள். அதற்கும் நான் தயார்.


மார்ச் 29

மச்சானுக்கு,

திங்கட்கிழமை சொல்லலாம் என்று இரண்டு பேரையும் உட்கார வைத்தேன். கடைசியில் கூடத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேசி முடித்தேன். அத்தை, "இதுக்கா இவ்வளவு பீடிகை?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

புதன்கிழமை சொல்லிவிட்டேன். அத்தை பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார், உன் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். நீ இரண்டு தரம் குரல் கொடுத்ததை, டாக்டர் கேட்டதை, நான் யாரையும் காப்பாற்றப் போகவில்லை என்பதை, எல்லாம். அத்தை, "அவன்தான் அப்பவே சொன்னானே" என்றார். பட்டாணியை இன்னும் வேகமாக உரித்தார். உன் அக்கா கையிலிருந்த என் சட்டையை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். கத்துவாள், பாத்திரத்தை உருட்டுவாள் என்று காத்திருந்தேன். ஒரு சத்தமும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அதிலிருந்து என்னிடம் பேச்சு இல்லை. நேரத்துக்குத் தட்டு வருகிறது, தண்ணீரை நான்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். கதவு, பாட்டில், பொத்தான் எல்லாம் நானே. நேற்று விரலம்மா கையைப் பார்த்துவிட்டு, "ஒரே வாரத்துல நல்ல முன்னேற்றமாயிருக்கே, வீட்டுல எதை மாத்துனீங்க?" என்று ஆச்சரியப்பட்டார். நான் என்னவென்று சொல்ல?

இன்று விடியற்காலையில் உன் அக்கா ஒரு பையில் துணி எடுத்துக்கொண்டு கிளம்பிப் போய்விட்டாள். எங்கே என்று சொல்லவில்லை. அத்தையிடம் இருந்த உன் முகவரிச் சீட்டு அதன் இடத்தில் இல்லை.

உன்னிடம் நான் எதையும் கேட்டு எழுதவில்லை. நீ சொன்னதைச் செய்துவிட்டேன் என்று தெரிவிக்கத்தான் எழுதினேன். பிடி இல்லாமல் இருக்கிறது, மச்சான். வீடு முழுக்க.

அத்தான்


ஏப்ரல் 2

அத்தானுக்கு வணக்கம்.

அக்கா இங்கேதான் இருக்கிறாள். அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.

கிளம்பிய அன்று மதியமே என் மேஜைக்கு வரிசையில் நின்று வந்திருக்கிறாள். நேராக வந்து கூப்பிட்டிருக்கலாம், கூப்பிடவில்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்த நான் அவள் முறை வந்தபோது நிமிராமலே, "சொல்லுங்கம்மா, என்ன செய்யணும்?" என்றேன். நிமிர்ந்து பார்த்தேன். இளைத்திருந்தாள்.

"நீ ரெண்டு தரம் சொன்னியாமே" என்றாள்.

"ஆமாக்கா."

"ஆஸ்பத்திரியில எங்கிட்டயும் சொன்னே."

"ஆமா."

"நான் பொய்னு சொல்லிட்டேன்."

அவளுக்குப் பின்னால் நின்றவர், "அம்மா, கேக்கறதைச் சீக்கிரம் கேளுங்க, வேலை இருக்கு" என்றார். அக்கா அவர் பக்கம் திரும்பி, "எனக்கு எட்டு மாசமாயிடுச்சுங்க, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றாள். என்ன புரிந்துகொண்டாரோ, அவர் இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். அக்கா அழவில்லை. மேஜைமேல் இருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள். மன்னிப்பு என்ற பேச்செல்லாம் எங்களுக்குள் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எந்த பெஞ்சுல உக்காரணும்?" என்று கேட்டாள். ஐந்தரை மணிக்கு நான் எழுந்திருக்கும் வரைக்கும் அதே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சூப்பரிண்டெண்டு, "யாருப்பா அந்தம்மா, எந்த மாடி?" என்று கேட்டார். எங்க அக்கா என்று சொன்னேன்.

என் அறை எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வந்ததும் கொடியில் கிடந்த துணியெல்லாம் அள்ளினாள். அள்ளியவள் சட்டென்று நின்று என்னைப் பார்த்து, "துவைக்கட்டுமா?" என்றாள். அவள் என்னிடம் இப்படிக் கேட்டு நான் கேட்டதே இல்லை. வேண்டாம், உட்காரு என்றேன். உட்கார்ந்தாள். நிறையப் பேசினோம். உங்களைப் பற்றியும்தான்.

நான் கடைக்குத் திரும்ப வரமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை. இந்த மேஜை எனக்குப் பிடித்திருக்கிறது. நேற்று மேல் மாடியில் மறுபடியும் ஒரு பெஞ்சு நகர்த்தினார்கள். போய்ப் பிடித்தேன். கத்தவில்லை. கோபம் இன்னும் இருக்கிறது. நீங்கள் சொல்லிவிட்டீர்கள் என்பதும் இருக்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

இந்தக் கடிதத்தை எழுதும்போது அக்கா பக்கத்தில்தான் இருந்தாள். அத்தானுக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன்.

"எட்டு மாசம் உனக்கு அக்கா இல்லைன்னு நீ எழுதிட்டே. எட்டு மாசம் எனக்குத் தம்பி இல்லை. அதை யாரு எழுதுவா?" என்றாள். பிறகு, "உனக்குத்தான் எழுதறாரே, விரல் நல்லா மடங்குதுல்ல. இனிமே எனக்கு எழுதச் சொல்லு. படிச்சிட்டு, வீட்டுக்குப் போறதா வேண்டாமான்னு நான் பார்த்துக்கறேன்" என்றாள்.

முகவரி இதேதான். உறையின் மேல் அவள் பெயரைப் போட்டு எழுதுங்கள், நான் பிரிக்க மாட்டேன்.